வியாழக்கிழமைக்குள் நிரப்ப வேண்டிய ஓர் இடம்: 2019 ரிச்மண்ட் அணித் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு. கிரிக்கெட் வழியாக நமக்கெல்லாம் தெரிந்த அதே மெல்பர்ன் மைதானம். ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்சத் தொடரான ஏஎஃப்எல்லில், ஜீலாங் அணியை 19 புள்ளி வித்தியாசத்தில் வென்று ரிச்மண்ட் இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது. அந்த ஆட்டத்தில் ஜாக் கிரஹாம் என்ற இளைஞரின் தோள்மூட்டு நழுவியது. அவர் வெளியே போய் உட்காரவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து ஆடினார்.

இறுதிப்போட்டி 28ஆம் தேதி, சனிக்கிழமை. அணிப் பட்டியலை வியாழக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கிரஹாமை வைத்துக்கொள்வதா, அவர் இடத்தில் வேறொருவரைக் கொண்டுவருவதா, கொண்டுவருவதானால் யாரை? இந்தக் கேள்விக்கு ரிச்மண்ட் தந்த விடை ஏஎஃப்எல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதுவரை மூத்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத மார்லியன் பிக்கெட்டை நேராக இறுதிப்போட்டியில் இறக்கினார்கள். அவருக்கு முன் இறுதிப்போட்டியிலேயே அறிமுகமானவர் 1952இல் காலிங்வுட் அணியின் கீத் பேச்சலர். இடையில் 67 ஆண்டுகள்.

இந்தக் கதையை எல்லோரும் ஒரு தேவதைக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது நிதானமாக யோசித்து எடுக்கப்பட்ட முடிவு என்பதே என் வாதம். அந்த யோசனையின் உள்ளே போய்ப் பார்க்கத்தான் இந்த ஆய்வு.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து. களத்தில் பக்கத்துக்கு 18 பேர். 2019இல் இன்டர்சேஞ்ச் இருக்கையில் இன்னும் 4 பேர், ஆக 22. ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். அந்த ஆண்டு ஓர் ஆட்டத்துக்கு 90 மாற்றங்கள்வரை அனுமதி. நடு இரு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்தில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஆஃப்சைடு என்ற விதியே கிடையாது.

ஆஃப்சைடு இல்லாததால் யாரும் எங்கும் ஓடலாம். அதனால் பட்டியலில் எழுதிய இடத்தை வைத்து ஒருவரின் வேலையைச் சொல்லிவிட முடியாது. 'ஹாஃப் ஃபார்வர்ட்' என்று பெயர் போட்டிருக்கும். ஆனால் அந்த ஆளின் உண்மையான வேலை கோல் அடிப்பதாக இருக்காது. எதிரணித் தடுப்பாளர் பந்தை எடுத்து நிமிர்வதற்குள் பாய்ந்து பிடிப்பதாக இருக்கும். பயிற்சியாளர்கள் 'ரோல்' என்று சொல்வது இந்த வேலையைத்தான். 'இந்த வாரம் உன் ரோல் இது' என்றால், களத்தில் எங்கே நிற்பாய் என்பதோடு யாரைத் தொடர்வாய், பந்து எந்தப் பக்கம் போனால் எந்தப் பக்கம் ஓடுவாய், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வருவாய் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

2019இல் ஒரு புதிய விதியும் வந்தது. நடுவட்டத்தில் பந்தைத் தரையில் அடித்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் 6, நடுவில் 6, முன்னால் 6 பேர் நிற்க வேண்டும். நடுவில் நிற்கும் ஆறு பேரில் இரண்டு பேர் விங் ஆட்டக்காரர்கள். ஓரமாக நின்று இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும் இந்த விங் வேலை கண்ணுக்கு அதிகம் தெரியாது. ஆனால் சரியான ஆள் அங்கே இல்லாவிட்டால் மொத்த அமைப்பும் ஆட்டம் காணும்.

கிரஹாமின் வேலை என்ன?

தேர்வு விவாதங்களில் பெரும்பாலும் நடக்கும் பிழை, 'அடுத்த சிறந்த ஆட்டக்காரர் யார்?' என்று தொடங்குவது. 'காலியான வேலை என்ன?' என்றுதான் கேட்க வேண்டும்.

கிரஹாமின் வேலை நெருக்கத்தில் நடப்பது. பந்தைச் சுற்றி ஆட்கள் குவியும் இடத்தில் உடம்பைக் கொடுத்து மோதுவது, எதிரணியின் முக்கியமான மிட்ஃபீல்டரைக் கட்டிப்போடுவது, பந்து முன்னே போனால் பின்னாலேயே ஓடிப் போய் அழுத்தம் கொடுப்பது. 2017 இறுதிப்போட்டியில் அடிலெய்டின் ரோரி ஸ்லோனைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19, அது அவரது ஐந்தாவது ஆட்டம். பொறுப்பையும் செய்தார், 3 கோலும் அடித்தார். ரிச்மண்ட் 108-60 என்று வென்று 37 ஆண்டு வறட்சியை முடித்தது.

அப்படிப்பட்டவரின் தோள் நழுவியிருக்கிறது. இந்த வேலையின் கருவியே தோள்தான். பாய்ந்து பிடிப்பதும் மோதுவதும் தோளை வைத்துத்தான். இதே காயம் வெளியே நின்று ஓடி உதைப்பவருக்கு வந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கலாம். அரையிறுதியில் கிரஹாம் காட்டிய துணிச்சலைப் பார்த்தவர்கள் 'அவருக்கு இடம் கொடுக்காமல் எப்படி?' என்று நினைப்பது இயல்பு. ஆனால் துணிச்சலுக்குப் பரிசாக இடம் கொடுத்தால், எட்டு நாள் கழித்து முதல் மோதலிலேயே மூட்டு மறுபடி நழுவி, மீதி ஆட்டம் முழுக்க அணி 21 பேரோடு ஓட வேண்டியிருக்கும். 22 பேருக்கு வெளியே 23ஆவதாக ஒருவரை வைத்திருந்து இறக்கும் மாற்று ஆட்டக்காரர் விதியும் அந்த ஆண்டு கிடையாது.

ஆக, முதல் கேள்விக்கு விடை ஓரளவு தெளிவு. இரண்டாவது கேள்விதான் கடினம்.

மேசையில் இருந்த பெயர்கள்

2017 பட்டத்தை வென்ற அணியில் இருந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கேம்டின் மக்கின்டோஷ், விங் ஆட்டக்காரர், நெடுந்தூரம் ஓடக்கூடியவர். இன்னொருவர் ஜேக்கப் டவுன்சென்ட், தடுப்பு வேலை செய்யும் ஃபார்வர்ட். 2017இல் இரண்டாம் நிலைத் தொடரான விஎஃப்எல்லின் சிறந்த ஆட்டக்காரருக்கான லிஸ்டன் கோப்பையை வென்றவர். பருவத்தின் கடைசி வாரங்களில் மேலே வந்து இறுதிப்போட்டியில் 2 கோலும் அடித்தார். இருவரும் பெரிய மேடையை ஏற்கெனவே பார்த்தவர்கள். அனுபவத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் பிக்கெட் இவர்கள் பக்கத்தில்கூட வர முடியாது.

பிக்கெட் யார்? மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கர் பழங்குடிச் சமூகத்தவர். பதினெட்டு வயதில் திருட்டுக் குற்றங்களுக்காகச் சிறை சென்று இரண்டரை ஆண்டு இருந்தவர். வெளியே வந்தபின் சவுத் ஃப்ரீமேன்டில் கிளப்பில் ஆடி மெல்லப் பெயர் எடுத்தார். ஏஎஃப்எல் கிளப்புகள் ஆண்டுதோறும் நடத்தும் தேர்வில் அவர் பெயர் திரும்பத் திரும்ப விடுபட்டது. 2019 மே மாதம் பருவத்தின் நடுவிலேயே ஆள் எடுக்கும் முறை மறுபடி அறிமுகமானபோது, ரிச்மண்ட் 13ஆவது தேர்வாக அவரை எடுத்தது. விரல் முறிந்திருந்தது தெரிந்தும் எடுத்தார்கள். அப்போது அவருக்கு 27 வயது, நான்கு குழந்தைகளின் தந்தை.

எதிர்வாதத்தை வலுவாகவே வைத்துப் பார்க்க வேண்டும். விஎஃப்எல்லுக்கும் ஏஎஃப்எல்லுக்கும் வேகத்தில் பெரிய இடைவெளி உண்டு; கீழே முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் மேலே கிடைக்காது. எதிரே ஒரு லட்சம் பேர். முதல் ஆட்டத்தின் படபடப்போடு இறுதிப்போட்டியின் படபடப்பும் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே நியாயம் என்று ஒன்று இருக்கிறது. மார்ச் மாதத்திலிருந்து வாராவாரம் தயாராக இருந்து காத்திருந்தவர்களைத் தாண்டி, பருவத்தின் நடுவில் வந்தவருக்கு இடம் போகிறது. ஏஎஃப்எல்லில் பட்டம் வென்ற பதக்கம் அன்று களத்தில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும்தான். ஆண்டு முழுக்க ஆடிவிட்டுக் கடைசி நாளில் இல்லையென்றால் பதக்கம் இல்லை. 2016இல் காயத்தால் இறுதிப்போட்டியைத் தவறவிட்ட வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணித்தலைவர் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் பதக்கத்தையே அவர் கழுத்தில் போட்டார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரு பெயரை விடுவது என்றால் என்னவென்று.

தராசு ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தது?

2014 முதல் ரிச்மண்ட் விஎஃப்எல்லில் தனக்கென்று சொந்த அணியை நடத்தி வந்தது. அதற்கு முன் கோபர்க் கிளப்போடு கூட்டு. இது நிர்வாகச் சேதி மாதிரித் தெரியலாம். ஆனால் இந்த ஆய்வின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான். கூட்டு அணியில் உங்கள் ஆட்டக்காரர் வேறொருவரின் திட்டப்படி ஆடுவார். சொந்த அணியில், மேலே எப்படி ஆடுகிறார்களோ அதே முறையில் கீழேயும் ஆட வைக்கலாம். பந்து எந்தப் பக்கம் போனால் விங் எங்கே நிற்க வேண்டும், முன்வரிசை எப்படி வலை போட வேண்டும், பிடிக்க முடியாத பந்தைப் பிடிக்கப் பார்க்காமல் எப்படியாவது முன்னே தள்ள வேண்டும் என்பதெல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பிக்கெட் ஏஎஃப்எல்லில் ஆடியதில்லை. ஆனால் ரிச்மண்டின் ஆட்டத்தை மாதக்கணக்கில் ஆடியிருந்தார்.

அடுத்தது காலம். செப்டம்பர் 22, ஞாயிறு: கிரஹாமின் தோள் நழுவி இரண்டு நாள்தான். அன்று விஎஃப்எல் இறுதிப்போட்டியில் ரிச்மண்ட் வில்லியம்ஸ்டவுனை 3 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் காஸ் பதக்கம் பிக்கெட்டுக்கு. கடைசி நொடிவரை இழுபறியாகப் போன ஓர் இறுதிப்போட்டியில், நெருக்கடிக்கு நடுவே, அணியிலேயே சிறந்தவராக நின்றிருக்கிறார். பெரிய மேடையைத் தாங்குவாரா என்ற கேள்விக்கு இதைவிடப் புதிய சான்று யாரிடமும் இல்லை.

பிறகு உடல். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வரும் புதியவரின் உடம்பு மோதலுக்குத் தயாராக இருக்காது. அதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். பிக்கெட் 27 வயது ஆள். மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல்நிலைத் தொடரில் பெரியவர்களோடு மோதிப் பழகியவர். விங்கில் ஓடவும் முடியும், பந்து குவியும் இடத்தில் இறங்கவும் முடியும், முன்னே போய் அழுத்தம் கொடுக்கவும் முடியும். அவரை அப்படியே கிரஹாமின் அச்சில் பொருத்த வேண்டியதில்லை. கிரஹாமின் வேலையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் மிச்சமிருக்கும் ஓட்டத்தை இவர் நிரப்புவார்.

வேலையைப் பகிர்வது ரிச்மண்டுக்குப் புதிதல்ல. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே தடுப்பின் தூணான அலெக்ஸ் ரான்ஸ் முழங்கால் தசைநார் அறுந்து ஆண்டு முழுவதற்கும் வெளியேறினார். இன்னொரு ரான்ஸைத் தேடி அலையவில்லை. டிலன் கிரைம்ஸ், டேவிட் ஆஸ்ட்பரி, நிக் விளாஸ்டுவின் என்று இருந்தவர்களிடையே வேலை பிரிந்தது. கிரைம்ஸ் அந்த ஆண்டு, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அறிவிக்கப்படும் ஆல் ஆஸ்திரேலியன் அணியிலேயே இடம்பிடித்தார்.

கடைசியாக, பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக்கின் சொந்த அனுபவம். ஐந்தாவது ஆட்டம் ஆடும் 19 வயதுப் பையனை இறுதிப்போட்டியில் நம்பி இறக்கி வென்றவர் அவர். இன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறார் என்பதை, யார் நீண்ட நாள் ஆடியிருக்கிறார் என்பதற்கு மேலே வைக்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே பலன் தந்திருந்தது. இதில் ஒரு நெகிழ்ச்சியான பொருத்தமும் இருக்கிறது. 2017இல் அந்த நம்பிக்கையைப் பெற்ற பையன் கிரஹாம்தான்.

அன்றைய ஆட்டம்

எதிரே கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, அவர்களின் முதல் இறுதிப்போட்டி. அவர்களிடமும் தேர்வுச் சிக்கல் இருந்தது. அரையிறுதியில் கெண்டைக்காலில் அடிபட்ட இணை அணித்தலைவர் ஃபில் டேவிஸ் சோதனைக்குப் பின் ஆடினார். குடல்வால் அறுவைச் சிகிச்சையால் அரையிறுதியைத் தவறவிட்ட லாக்கி விட்ஃபீல்டும், தடை முடிந்த டோபி கிரீனும் திரும்பினார்கள். ரிச்மண்ட் தன் ஒரே இடத்தை ஒரு புதியவரைக் கொண்டு நிரப்ப, எதிரணி பெரிய பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தது.

100,014 பேர் பார்த்தார்கள். ரிச்மண்ட் 114, எதிரணி 25. வித்தியாசம் 89. ஆட்டம் முழுக்க அவர்கள் அடித்தது 3 கோல்தான். இறுதிப்போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை டஸ்டின் மார்ட்டின் இரண்டாம் முறையாக வாங்கினார். ஜாக் ரீவோல்ட் 5 கோல் அடித்தார். 50 எண் சட்டை போட்ட பிக்கெட், பந்தை 22 முறை உதைத்தோ கையால் தட்டியோ அனுப்பினார். எதிராளி நெருங்கி வந்த நேரத்தில் பார்க்காமலே முதுகுப்புறமாகச் சுழன்று அவர் தப்பிய காட்சியை இன்றும் காட்டுகிறார்கள். மூன்றாம் கால் பகுதியில் மார்ட்டின் அவருக்குப் பந்தை அனுப்ப, அவர் கோல் அடிக்க, மொத்த அணியும் ஓடிவந்து அவர்மேல் விழுந்தது. நார்ம் ஸ்மித் பதக்க வாக்கெடுப்பிலும் அவருக்கு வாக்கு விழுந்தது.

வெற்றி முடிவை நிரூபித்துவிடுமா?

நிரூபிக்காது. 89 புள்ளி வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தில் அந்த இடத்தில் மக்கின்டோஷ் ஆடியிருந்தாலும் ரிச்மண்ட் வென்றிருக்கும் என்றே நினைக்கிறேன். பிக்கெட் நன்றாக ஆடினார் என்பதற்காக வியாழக்கிழமை முடிவு சரி என்று சொன்னால், அவர் தடுமாறியிருந்தால் அது தவறு என்று சொல்ல வேண்டிவரும். முடிவை வியாழக்கிழமை கையில் இருந்த தகவலை வைத்து எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அது நிற்கிறது: ஒரே ஆட்டமுறை, நான்கு நாளுக்கு முன் நெருக்கடியில் காட்டிய திறமை, முதிர்ந்த உடல், பல வேலை செய்யும் பழக்கம்.

வேறு ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2022 இறுதிப்போட்டி வாரத்தில் இரண்டு அணிகளுக்கும் ஒரே மாதிரிச் சிக்கல். ஜீலாங்கின் மேக்ஸ் ஹோம்ஸுக்கு அரையிறுதியில் தொடைத்தசைக் காயம். வேகமே அவர் ஆட்டம். அவரை விட்டுவிட்டு மார்க் ஒகானரைச் சேர்த்தார்கள். சிட்னியின் சாம் ரீடுக்கும் அரையிறுதியில் உள்தொடைத் தசையில் பிரச்சினை. அவரைத் தேறியவராகக் கருதி இறக்கினார்கள். எம்பிப் பிடித்து, தேவைப்பட்டால் ரக் வேலையும் (ஆட்டம் தொடங்கும்போது மேலே எழும் பந்தை எம்பித் தன் அணிக்குத் தட்டிவிடுவது) செய்ய வேண்டிய ஆளுக்கு அந்தத் தசைதான் எல்லாம். ஆட்டம் முடிவதற்குள் அவர் வெளியேற, பிரேடன் கேம்பெல் உள்ளே வந்தார். ஜீலாங் 81 புள்ளியில் வென்றது. ரீடால்தான் தோற்றார்கள் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். அன்று சிட்னி முழுவதுமே தோற்றது. ஆனால் அந்தத் தேர்வு வியாழக்கிழமைக் கணக்கிலேயே பலவீனமானது என்பது என் கருத்து.

2024இல் சிட்னி மறுபடி அதே இடத்தில் நின்றது. கணுக்கால் சந்தேகத்தோடு லோகன் மக்டொனால்டு இறங்கி, அவரும் பாதியில் மாற்றப்பட்டார். எதிரணி பிரிஸ்பேனிலோ, ரக் ஆட்டக்காரர் ஆஸ்கர் மெக்கினெர்னியின் தோள் அரையிறுதியில் நழுவியிருந்தது. கிரஹாம் கதையேதான். அவரை விட்டுவிட்டு, பெரும்பாலும் இரண்டாம் நிலை அணியில் ஆடிவந்த டார்சி ஃபோர்ட்டை அதே வேலைக்கு இறக்கினார்கள். பிரிஸ்பேன் 60 புள்ளியில் வென்றது.

காயத்தோடு யாரையும் இறக்கக் கூடாது என்று இதிலிருந்து சட்டம் போட்டுவிடவும் முடியாது. 2016இல் புல்டாக்ஸின் டேல் மாரிஸ் முதுகெலும்பு முறிவோடு இறுதிப்போட்டி ஆடினார். கடைசிக் கால் பகுதியில் லான்ஸ் ஃப்ராங்கிளினைப் பாய்ந்து பிடித்து அவர் நழுவவிட்ட பந்துதான் டாம் பாய்டின் நீண்ட கோலாக மாறியது. 2025இல் பிரிஸ்பேனின் லாக்கி நீல் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பினார். அவரை 22இல் வைக்காமல் 23ஆவது ஆளாக, மாற்று ஆட்டக்காரராக வைத்து, ஆட்டத்தின் நடுவில் இறக்கினார்கள். பிரிஸ்பேன் ஜீலாங்கை 122-75 என்று வென்றது. அங்கே செய்தது, காயத்துக்கு ஏற்றபடி வேலையைச் சுருக்கியது. முழு ஆட்டத்துக்கு ஓட முடியாதவருக்குப் பாதி ஆட்டத்தின் வேலையைக் கொடுத்தார்கள். 2019இல் அந்த வாய்ப்பு கிரஹாமுக்கு இல்லை. இருந்திருந்தால் அவரை 23ஆவது ஆளாக வைக்க ஹார்ட்விக் யோசித்திருக்கலாம். மெக்கினெர்னிக்கு 2024இல் அந்த இருக்கை இருந்தும் பிரிஸ்பேன் அப்படிச் செய்யவில்லை என்பதையும் பார்க்கிறேன். தோள் காயத்துக்குப் பாதி ஆட்டம் என்பதெல்லாம் கிடையாது போலும்.

விடுபட்டவர்களைப் பற்றித்தான் எனக்கு மனம் அதிகம் போகிறது. தேர்வு சரியாக இருந்தாலும் அது ஒருவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய செய்தி. தோளோடு கடைசிவரை போராடியவரிடம், இரண்டு ஆண்டுக்கு முன் பதக்கம் வென்றவர்களிடம், 'இந்த வாரம் நீ இல்லை' என்று சொல்ல ஒரு பயிற்சியாளருக்கு நல்ல காரணம் கையில் இருக்க வேண்டும். அந்தக் காரணம் வேலையைப் பற்றியதாக இருந்தால், கேட்பவருக்கு வலித்தாலும் புரியும்.

2020 இறுதிப்போட்டி, பெருந்தொற்று காரணமாக பிரிஸ்பேனின் கப்பா மைதானத்துக்கு மாறியது. ரிச்மண்ட் ஜீலாங்கை 31 புள்ளியில் வென்று மறுபடி பட்டம் எடுத்தது. அன்றைய 22 பேரில் பிக்கெட் இருந்தார். மக்கின்டோஷ் இருந்தார். ஜாக் கிரஹாமும் இருந்தார்.